ஆறடியில் தண்ணீர்

முதலில் நெளுக்குளத்து வீடு.
இரண்டு பரப்புக் காணி, மூன்று அறை,
தகரம் போட்ட கார்க் கொட்டில்,
இன்னும் வாங்காத காருக்கு.
தரகர் பத்திநாதர் குடையை மடித்து
அதன் நுனியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார்:
இது வேம்பு, இது மோட்டர், இது எல்லைக்கல்.

தோகாவிலிருந்து அவர் கைபேசிக்குள் இருந்தார்.
"திருப்பு, திருப்பு, வேலியைக் காட்டு.
அந்த மூலையைக் காட்டு."
ஒரு அறையில் ஆறு பேர்
கட்டிலுக்கு மேல் கட்டிலாய்ப் படுக்கிற மனிசன்.
சுவருக்கும் வேலிக்கும் நடுவில்
ஒருவரும் நிற்காத நிலத்தைப் பார்த்து
"எவ்வளவு இடம்" என்றார்,
வயிறு நிறைந்தவர் மாதிரி.

நான் செருப்பைக் கழற்றிக்
குதிக்காலால் மண்ணை அழுத்திப் பார்த்தேன்.
கிரவல். மேலே இறுக்கம்,
கீழே எப்படியோ.
"ஆறடி தோண்டினால் தண்ணி வருமோ?"
பத்திநாதருக்கு முகம் மலர்ந்தது.
"என்ன தங்கச்சி, ஆறடியிலயே ஊறும்!
கோடைக்கும் வத்தாது.
கேத்தல்ல வெள்ளை படியாத தண்ணி."

நான் கேட்டது கிணற்றுக்கு இல்லை.

எந்த வளவுக்குள் கால் வைத்தாலும்
அறையை எண்ணமுதல் இதைத்தான் எண்ணுகிறேன்.
எந்த மரத்தின் கீழ், வாசல் எந்தப் பக்கம்,
எத்தனை பேர் குந்தலாம்,
மேலே அடுக்கக் குற்றி கிடைக்குமா.
பதினாறு வயதில் ஏழு இடத்தில் வெட்டினோம்.
கடைசி இடத்தில் இரண்டடியில் தண்ணீர்.
கடற்கரை மண், வெட்ட வெட்டச் சரிந்தது.
என் பள்ளிக்கூடச் சட்டையின்
இரண்டு கைகளையும் முடிச்சுப் போட்டு
மண் நிரப்பி அடுக்கினேன்.

பிறகு வைரவபுளியங்குளம்.
தொடர்மாடி. மூன்றாவது தட்டு.
லிஃப்ற் வருகிற மாதம், எந்த வருடத்து மாதமோ.
மிதுசா படிகளை எண்ணிக்கொண்டு ஏறினாள்.
நாற்பதில் பிழைத்துவிட்டது,
திரும்பக் கீழே ஓடி ஒன்றிலிருந்து தொடங்கினாள்.
ஐம்பத்துநான்கு.

வெறும் அறைகள். பெயின்ற் மணம்.
பல்கனியில் நின்றால் ரயில் தெரிகிறது.
"குரங்குத் தொல்லை இல்லை,
இவ்வளவு உயரத்துக்கு ஏறாது" என்றார் பத்திநாதர்.
சொல்லி வாய் மூடமுதல் கம்பியில் ஒன்று வந்து குந்தி
எங்களை மேலும் கீழும் பார்த்தது,
இதே வீட்டுக்கு விலை பேச வந்த
இன்னொரு ஆள் போல.

மேல்தட்டில் யாரோ கதிரை இழுத்தார்கள்.
நான் குனிந்துவிட்டேன்.
ஒருவரும் கவனிக்கவில்லை.
மிதுசா ஏற்கெனவே தரையில்தான் கிடந்தாள்,
காதை மாபிளில் ஒட்டி.
"அம்மா, கீழ்வீட்டில தாளிக்கினம். சத்தம் கேட்குது."

எங்கள் நிலம் இன்னொருவர் கூரை.
எங்கள் கூரையில் இன்னொருவர் கதிரை.
குதிக்காலால் அழுத்தினேன்.
மாபிள் குளிர்ந்தது, அவ்வளவுதான்.

இரவு அவருக்குச் சொன்னேன், "மாடி."
"காணி இல்லாத வீடோ?
உறுதியில என்ன எழுதுவாங்கள், காத்தெண்டோ?"
ஆறடிக் கதையைச் சொன்னேன்,
கலியாணம் கட்டிப் பதினொரு வருடத்தில்
முதல் தடவை.
அவர் பக்கத்தில் மேல்கட்டிலில் யாரோ புரள,
கம்பி கீச்சிட்டது.
"தோண்ட இடம் இல்லாட்டி..."
தொடங்கினவர் முடிக்கவில்லை.
"தோண்ட இடமில்லாத இடத்தில
ஒருக்கா இருந்து பாப்பமே."
லைன் வெட்டுப்பட்டதோ என்று
கைபேசியை எடுத்துப் பார்த்தேன்.
செக்கன்கள் ஓடிக்கொண்டிருந்தன.
பிறகு கேட்டார்,
"உடுப்பு எங்க காயப்போடுவாய்?"

பட்டா லொறியில் வந்த சாமான்களில்
கடைசியாய் இறங்கியது மண்வெட்டி.
ஏற்றுகிற பெடியன் கை நீட்டினான், கொடுக்கவில்லை.
தோளில் வைத்து நானே ஏறினேன்.
ஒரு பூச்சாடிகூட இல்லாத பல்கனியில்
மூலையோடு சாத்தினேன்.
"இது எதுக்கம்மா?"
"குரங்கு வந்தால்" என்றேன்.